சைக்கிளில் அடிபட்டவர் வக்கீலுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

வக்கீல் குமாஸ்தாவாகவே என் காலம் போனது, கும்பகோணம் பக்கம். அதிலும் பெரும்பகுதி எம்.சி.ஓ.பி. கட்டுகளோடுதான். விபத்து இழப்பீட்டு மனுவுக்குத் தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் வழங்கும் பெயர் அது. இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஆனாலும் தெருவில் யாராவது அடிபட்டால் முதலில் என் திண்ணைக்குத்தான் வருகிறார்கள். கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: "அண்ணே, வக்கீல் எவ்வளவு எடுப்பாரு?"

சைக்கிள்காரர்கள் அதோடு இன்னொன்றும் கேட்பார்கள். "எங்கிட்ட லைசென்ஸ் இல்ல, இன்சூரன்ஸ் இல்ல, கேஸ் நிக்குமா?" நிற்கும். சைக்கிளுக்கு லைசென்ஸும் வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம். இடித்த லாரிக்கோ பைக்குக்கோ இருக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. வண்டி ஓட்டியவர், வண்டியின் சொந்தக்காரர், இன்சூரன்ஸ் கம்பெனி ஆகியோர்தான் எதிர்மனுதாரர்கள். கேரியரில் உட்கார்ந்து வந்தவர் அடிபட்டாலும் இதே கதைதான்.

ஆனால் இடித்ததும் சைக்கிள் என்றாலோ, பள்ளத்தில் நீங்களே விழுந்தாலோ அது எம்.சி.ஓ.பி. ஆகாது. மோட்டார் வாகனம் சம்பந்தப்பட்டால்தான் எம்.சி.ஓ.பி.யை விசாரிக்கும் தீர்ப்பாயம். மற்றதெல்லாம் சிவில் கோர்ட்டில் போட வேண்டிய வழக்கு. அதற்குக் கோர்ட் கட்டணமும் வேறு, காலமும் வேறு. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலில், வக்கீல் தேவையா?

எல்லாருக்கும் தேவை என்று சொல்ல மாட்டேன்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது, நம்பரும் தெரியவில்லை, போலீஸாலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் தீர்ப்பாயத்தில் எதிர்மனுதாரராகப் போட ஆளே இல்லை. அதற்கென்று மத்திய அரசின் திட்டம் ஒன்று 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இறந்தால் 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய். தாலுகா ஆபீஸில், அல்லது வருவாய்க் கோட்ட அளவில் விசாரிக்கும் அதிகாரியிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அவர் விசாரித்து அனுப்புவார், கலெக்டர் உத்தரவு போடுவார். எஃப்.ஐ.ஆர்., சிகிச்சைத் தாள்கள், ஆதார், பாஸ்புக் நகல் இவைதான் முக்கியம். இதற்கு வக்கீல் வைத்து 50,000-ல் 15,000 கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் பூர்த்தி செய்யத் தெரிந்த படித்த பிள்ளை வீட்டில் ஒன்று இருந்தாலே போதும்.

வண்டி தெரியும், ஆனால் யார் தப்பு என்று நிரூபிப்பது கடினம் என்ற நிலையும் உண்டு. இரவு நேரம், சாட்சி இல்லை, கேமரா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில் யார் தப்பு என்ற கேள்வியே எழாமல் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும், இறப்புக்கு 5 லட்சமும் உண்டு. அந்த வழியில் வக்கீலின் வேலை பாதிகூட இருக்காது. அதனால் ஃபீஸும் குறைய வேண்டும், அதைப் பேசுங்கள். இதை வாங்கிக்கொண்டால் 166-ஆம் பிரிவில் முழு இழப்பீடு கேட்க முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, இலவசச் சட்ட உதவி. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஒவ்வொரு கோர்ட் வளாகத்திலும் சட்டப் பணிகள் குழு அலுவலகம் ஒன்று இருக்கும். 15100-க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். அந்த வக்கீலுக்குச் சம்பளம் கொடுப்பது சட்டப் பணிகள் ஆணைக்குழு. அவர் உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. இலவசம் என்றால் மட்டம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நல்லவர்களும் இருக்கிறார்கள், ஏனோதானோ என்று நடத்துபவர்களும் இருக்கிறார்கள். காசு வாங்கும் வக்கீல்களிலும் அப்படித்தானே?

இவற்றில் எதுவும் பொருந்தாமல், கால் உடைந்து, பிளேட் வைத்து, மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் கிடக்கிறார் என்றால், சரி, வக்கீல் தேவைதான்.

ஃபீஸ் பேசும் விதங்கள்

சட்டம் சொல்வதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோர்ட் வராந்தாவில் நடப்பதைச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 20-ஆவது விதி இப்படிப் போகிறது: வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் என்று வக்கீல் பேசக் கூடாது, கிடைக்கும் பணத்தில் பங்கு என்று ஒப்பந்தம் போடவும் கூடாது. அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்கு என்பதெல்லாம் சர்வ சாதாரணம். அங்கே இருக்கும் மருமகன் வாட்ஸ்அப்பில் சொல்வதை இங்கே கொண்டுவர முடியாது. கிடைப்பதில் பாதி என்று கட்சிக்காரரோடு ஒப்பந்தம் போட்டது தொழில் ஒழுங்குமீறல்தான் என்று 1954-லேயே ஒரு மூத்த வக்கீல் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

இதைவிட நமக்குப் பக்கத்தில் வரும் வழக்கு 2017 டிசம்பரில் முடிந்தது. 1998-ல் சாலை விபத்தில் கணவரை இழந்த தெலங்கானாப் பெண் ஒருவர், இழப்பீட்டு வழக்கு நடத்திய வக்கீலுக்கு 10 லட்சம் கொடுத்திருந்தார். அதற்கு மேல் 3 லட்சத்துக்கு அவரிடம் செக் வாங்கப்பட்டது. செக் திரும்பியதும் வக்கீல் செக் மோசடி வழக்குப் போட்டார். வழக்கில் கிடைக்கும் பணத்தில் சதவீதம் என்று ஃபீஸ் கேட்பது பொதுக் கொள்கைக்கு விரோதம், அதற்காக வாங்கிய செக்கை வைத்து வழக்கு நடத்த முடியாது என்று சுப்ரீம் கோர்ட் அந்த வழக்கையே ரத்து செய்தது. இப்படிச் செக் கொடுத்துவிட்டுத் தூக்கம் இல்லாமல் இருப்பவர்கள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இனி வராந்தா. இங்கே மூன்று விதமாகப் பேசுகிறார்கள்.

ஒன்று, மொத்தமாக ஒரு தொகை. வக்காலத்தில், அதாவது வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில், கையெழுத்துப் போடும்போது கொஞ்சம், சாட்சி விசாரணை தொடங்கும்போது கொஞ்சம், தீர்ப்பு வந்ததும் மீதி. விதிக்கு உட்பட்டது இதுதான். வழக்குத் தோற்றாலும் இந்த ஃபீஸ் உண்டு.

இரண்டாவது, சதவீதம். "நீ ஒத்த ரூபா போட வேணாம், வந்தா பாத்துக்கலாம்" என்று ஆரம்பிக்கும். என் காதுக்கு வந்தவரை பத்திலிருந்து இருபத்தைந்து, அதற்கு மேலும் கேட்பவர்கள் உண்டு. ஆஸ்பத்திரி வாசலிலேயே புரோக்கர் பிடித்துவந்த கேஸ் என்றால் அவர் பங்கும் இதற்குள்தான் ஒளிந்திருக்கும். சதவீதம் ஏறுவதற்குப் பாதிக் காரணம் அவர்தான்.

மூன்றாவது, கலப்படம். செலவுக்கு மட்டும் இப்போது கொடு, ஃபீஸ் கடைசியில். அந்தக் "கடைசி" எவ்வளவு என்று இரண்டு பேரும் வாய் திறக்க மாட்டார்கள். தகராறு அதிகம் வருவது இதில்தான்.

சதவீதம் பேசும் எல்லாரையும் நான் திருடர் என்று சொல்ல மாட்டேன். கையில் காசில்லாத கூலிக்காரருக்கு வழக்குப் போட வேறு வழி இல்லாமல் இருந்தது. இரண்டு மூன்று வருடம் தன் கைப்பணத்தைப் போட்டு வழக்கை ஓட்டும் வக்கீல்கள் இருக்கிறார்கள், அதையும் பார்த்தவன்தான். ஆனால் விதிக்குப் புறம்பானது என்பதால் யாரும் அதை எழுதித் தர மாட்டார்கள். எழுத்தில் இல்லாததால், பணம் வந்த அன்றைக்குப் பேச்சு மாறினால் உங்களிடம் ஆதாரம் ஏதும் இருக்காது. அதனால் தொகையாகப் பேசுங்கள். "முன்பணம் இவ்வளவுதான் என்னால முடியும் சார், மீதியத் தவணையாக் கொடுத்துடறேன்" என்று சொன்னால் பல பேர் ஒத்துக்கொள்கிறார்கள். கேட்டுப் பார்க்காமலே முடியாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சதவீதம் என்றால் எதில் சதவீதம்?

தொகையாகப் பேசச் சொல்வதற்கு இன்னொரு காரணம் கணக்கு. கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 43. வேலை முடிந்து கரணையையும் மட்டப்பலகையையும் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் வரும்போது பின்னாலிருந்து டிப்பர் இடித்து வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவக் குழு அந்தக் காலுக்கு 40 சதவீத ஊனம் என்று சான்று கொடுக்கிறது. தீர்ப்பாயம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாது. அந்த ஊனம் அவர் சம்பாதிக்கும் திறனை எவ்வளவு குறைக்கிறது என்று பார்க்கும். 2010 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் காட்டிய வழி அது. சாரம் ஏறும் கொத்தனாருக்கும், உட்கார்ந்து கணக்கெழுதுபவருக்கும் ஒரே காயம் ஒரே நஷ்டம் ஆகாது. நல்ல வக்கீல் ஃபீஸுக்கு ஈடாக வேலை செய்யும் இடம் இதுதான். டாக்டரைக் கூண்டில் ஏற்றி, "இவர் இனிமேல் சாரம் ஏற முடியுமா? குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தளம் போட முடியுமா?" என்று கேட்டு வாங்குகிற பதிலில்தான் லட்சங்கள் இருக்கின்றன.

திறன் இழப்பு 20 சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 15,000. நாற்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு எதிர்கால முன்னேற்றம் என்று 25 சதவீதம் கூட்டினால் 18,750. வருடத்துக்கு 2,25,000. 41 முதல் 45 வயதுவரை பெருக்க வேண்டிய எண் 14. ஆக 31,50,000. அதில் 20 சதவீதம், 6,30,000 ரூபாய்.

இதோடு ஆஸ்பத்திரிச் செலவு 1,80,000, வேலைக்குப் போகாத ஆறு மாதத்துக்கு 90,000, வலி வேதனைக்கு 50,000, கூட இருந்து பார்த்தவர், சத்துணவு, போக்குவரத்து என்று 30,000, நொறுங்கிய சைக்கிளுக்கும் துணிமணிக்கும் 5,000. கூட்டினால் 9,85,000. மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு. நம்மூர்த் தீர்ப்புகளில் 7.5 சதவீதத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு 2,21,625. கையில் வர வேண்டியது 12,06,625.

இப்போது "இருபது பர்சென்ட்" என்று பேசியிருந்தால்? முழுத் தொகையில் என்றால் 2,41,325. ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் பையிலிருந்து, இல்லை மார்வாடி கடையில் நகை வைத்துப் போனது. அதில் வக்கீலுக்கு என்ன பங்கு? வட்டி வந்தது வழக்கு இழுத்ததால். இந்த இரண்டையும் கழித்துவிட்டு 8,05,000-ல் இருபது என்றால் 1,61,000. ஒரே இருபதில் எண்பதாயிரம் ரூபாய் வித்தியாசம். "இருபது" என்று தலையாட்டும்போது இதை யாரும் கேட்பதில்லை.

எதிர்த்தரப்பு சும்மாவும் இருக்காது. சைக்கிளில் பின்பக்க ரிஃப்ளெக்டர் இல்லை, இரவில் விளக்கில்லாமல் வந்தார், திடீரென்று வலது பக்கம் திரும்பினார் என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்பார். உங்கள் மேல் பத்து சதவீதம் தப்பு என்று முடிவானால் 98,500 அப்படியே போய்விடும், அதற்குரிய வட்டியும் போகும். இதை முறியடிப்பதும் ஃபீஸ் வாங்கும் வக்கீலின் வேலைதான். அதற்கு அவருக்கு உங்களிடமிருந்து வேண்டியது சைக்கிளும் படமும். வண்டியை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவையுங்கள். பின் மட்கார்டு நசுங்கியிருந்தால், இடித்தது பின்னாலிருந்துதான் என்று அதுவே சொல்லிவிடும்.

ஃபீஸ் வேறு, செலவு வேறு

இதைப் பிரித்துப் பேசாமல் கையெழுத்துப் போட வேண்டாம். கோர்ட் கட்டணம், டைப்பிங், ஜெராக்ஸ், எஃப்.ஐ.ஆரும் குற்றப்பத்திரிகையும் சான்று நகலாக எடுக்க, நோட்டீஸ் அனுப்பக் கட்டும் பேட்டா, மருத்துவக் குழுவிடம் போய்வர, சாட்சி சொல்ல வரும் டாக்டருக்கு. கடைசியாகச் சொன்னதுதான் பெரிது. தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு முற்பகல் நோயாளிகளை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதால் கேட்பதும் கூடுதலாக இருக்கும். அரசு மருத்துவக் குழுவின் சான்று வாங்கினால் இந்தச் செலவு குறையும்.

கோர்ட் கட்டணம் கேட்கும் தொகைக்கு ஏற்ப இருக்கும். "ஐம்பது லட்சம் கேட்போம்" என்று மனுவில் போடுவதால் மட்டும் ஐம்பது லட்சம் வராது. குறைத்துக் கேட்டதால் நஷ்டமும் இல்லை. நியாயமானது அதைவிடக் கூடுதல் என்று தோன்றினால் தீர்ப்பாயம் கூட்டியே கொடுக்கலாம். கூட்டிய தொகைக்கு உரிய கட்டணத்தை அப்புறம் கட்டினால் போதும்.

ஒவ்வொரு செலவுக்கும் சீட்டுக் கேளுங்கள். "அதெல்லாம் எழுத மாட்டோம்" என்றால் நீங்களே ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி, அடுத்த முறை ஆபீஸ் போகும்போது காட்டிவிட்டு வாருங்கள். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்பதும் பார் கவுன்சில் விதிதான். நோட்டு வைத்திருக்கும் கட்சிக்காரரிடம் குமாஸ்தாக்கள் கொஞ்சம் பயப்படுவோம். இது உண்மை.

சில தாள்களுக்குச் செலவே வேண்டாம். 2022-லிருந்து விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் போலீஸே தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. வண்டியின் இன்சூரன்ஸ், டிரைவரின் லைசென்ஸ் விவரமெல்லாம் அதில் வந்துவிடும். எல்லா ஸ்டேஷனிலும் சொன்ன தேதிக்கு நடப்பதில்லை. இருந்தாலும் எழுதிக் கேளுங்கள்.

வக்கீல் கட்டணம் என்று தீர்ப்பிலேயே ஒரு வரி

பலருக்குத் தெரியாத விஷயம். தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் செலவுத்தொகை, வக்கீல் கட்டணம் என்று ஒரு தொகை இருக்கும். அது இழப்பீட்டுக்கு மேல் எதிர்த்தரப்பு கொடுக்க வேண்டியது. அந்தத் தொகை உங்கள் ஃபீஸில் கழியுமா, அல்லது வக்கீல் தனியாக எடுத்துக்கொள்வாரா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். கழிய வேண்டும் என்பது என் கட்சி. ஃபீஸை முழுதாக வாங்கிவிட்டு இதையும் எடுப்பது ஒரே வேலைக்கு இரண்டு கூலி.

பணம் எந்த வழியாக வரும்

தீர்ப்பு வந்து 30 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்ட வேண்டும். கம்பெனி கோர்ட் கணக்கில் கட்டும். அதிலிருந்து எடுக்க ஒரு மனுப் போட வேண்டும். இதற்குப் பதிலாக மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பும் முறையைக் கடைப்பிடிக்கச் சொல்லி 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவு போட்டிருக்கிறது. சிறுவர்கள் என்றால் மேஜர் ஆகும்வரை டெபாசிட்டில் கிடக்கும். படிப்பறிவில்லாதவர்கள் பணம் ஏமாற்றப்படாமல் இருக்க டெபாசிட்டில் போட வேண்டும் என்று 1994-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. சிகிச்சைக்கு வேண்டுமென்றால் காரணம் காட்டி மனுப் போட்டு முன்கூட்டி எடுக்கலாம். அந்த மனுவுக்குத் தனி ஃபீஸ் கேட்பார்களா என்றும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு உங்கள் பெயரில் மட்டும், அல்லது கணவன் மனைவி பெயரில். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, செக் புக் எதையும் யார் ஆபீஸிலும் விட்டுவைக்காதீர்கள். ஒரு அம்மா என்னிடம் சொன்னது இது: "பேங்க்ல புதுசா கணக்கு ஆரம்பிக்கணும்னு கூட்டிட்டுப் போனாங்கண்ணே. செக் புக்குல பத்து இலையிலயும் கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. எதுக்குன்னு கேக்கத் தோணல." அது ஒரு புரோக்கரின் வேலை. கணக்கில் பணம் விழுந்த அன்றைக்கே பாதி போய்விட்டது. மொபைல் நம்பர்கூட அவருடையதைத்தான் கணக்கில் கொடுத்திருந்தார்கள், அதனால் அந்த அம்மாவுக்கு மெசேஜ்கூட வரவில்லை. உங்கள் நம்பரைக் கொடுங்கள். எழுதாத செக்கிலும், வெற்றுப் பத்திரத்திலும் கையெழுத்துக் கேட்டால், "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். வக்காலத்து தவிர வேறெதிலும் முதல் நாள் கையெழுத்துத் தேவைப்படாது. மனு தயாரானதும் அதில் போட வேண்டும், அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஒரு பக்கத் தாள்

பேசியதை எழுதிக்கொள்வது அவமரியாதை இல்லை. நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்:

"இன்ன தேதியில் இன்ன ஊரில் நடந்த விபத்து சம்பந்தமான இழப்பீட்டு மனுவைத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்து தீர்ப்புவரை நடத்தித்தர மொத்த ஃபீஸ் ரூ. ______. இன்று ரூ. ______, முதல் விசாரணையின்போது ரூ. ______, பணம் மனுதாரர் கணக்குக்கு வந்த பின் ரூ. ______. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் மொத்த ஃபீஸ் ரூ. ______ மட்டும். கோர்ட் கட்டணம், டாக்டர் சாட்சிச் செலவு மனுதாரர் பொறுப்பு. மற்றச் செலவுகள் ஃபீஸில் அடக்கம். தீர்ப்பில் வரும் வக்கீல் கட்டணம் மேற்படி ஃபீஸில் கழிக்கப்படும். மேல்முறையீடு இதில் சேராது."

கீழே இருவர் கையெழுத்து, தேதி. இரண்டு படி. வக்கீலுக்கும் இது பாதுகாப்புதான். தீர்ப்பு வந்ததும் தலைமறைவாகும் கட்சிக்காரர்களும் இருக்கிறார்களே.

லோக் அதாலத்தைத் தனியாகப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே சமரசமாக முடிந்தால் சாட்சி விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். வக்கீலுக்கு வேலை குறைவு. ஆனால் ஒப்புக்கொண்ட தொகை குறைவென்று பிறகு தெரிந்தாலும் திரும்பிப் போக வழி இல்லை. அதனால் மருத்துவக் குழுச் சான்று வருவதற்கு முன்னால் சமரசத்துக்கு உட்காராதீர்கள். வக்கீல் அவசரப்படுத்தினால் ஏன் என்று கேளுங்கள்.

மேல்முறையீடு, வக்கீலை மாற்றுவது

இழப்பீடு போதவில்லை என்றால் ஹைகோர்ட்டில் சி.எம்.ஏ. என்கிற மேல்முறையீடு போடலாம், 90 நாளுக்குள். டெல்டாக்காரர்களான எங்களுக்கு அது மெட்ராஸா மதுரை கிளையா என்பது மாவட்டத்தைப் பொறுத்தது. தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக்குப் போகும். அங்கே வேறு வக்கீல், வேறு ஃபீஸ். உள்ளூர் வக்கீலே வழக்குக் கட்டை அனுப்பிவிட்டு அங்கேயும் ஒரு பங்கு கேட்பது உண்டு. ஹைகோர்ட் வக்கீலோடு நீங்களே ஒரு தடவை போனில் பேசி, ஃபீஸை நேரில் முடித்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு போனால் அவர்கள் கட்டிய பணத்தில் ஒரு பகுதியை எடுக்க அனுமதி கேட்கலாம், வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வக்கீல் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். நடந்த வேலைக்கு உரிய ஃபீஸைக் கொடுத்துவிட்டு, வழக்குக் கட்டையும் வக்காலத்து மாற்ற ஒப்புதலும் கேளுங்கள். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2000-த்தில் தீர்த்துச் சொல்லிவிட்டது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம், உங்கள் எக்ஸ்ரேயை அடகாக வைத்துக்கொள்ள முடியாது. அப்படியும் கொடுக்காவிட்டால் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். அங்கே போவதற்கு முன்னால் உள்ளூர் வக்கீல் சங்கத்தில் மூத்தவர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். பாதித் தகராறுகள் அந்த மேஜையிலேயே, ஒரு டீயோடு தீர்ந்துவிடும்.

இந்தப் பேச்சையெல்லாம் நிதானமாகப் பேச வேண்டும் என்றாலும் மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை எதிர்த்தும் வழக்குகள் நடக்கின்றன, ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில்கள், எஃப்.ஐ.ஆர். நகல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஜெராக்ஸை வக்கீலிடம் கொடுங்கள். ஒரிஜினல் கோர்ட்டில் தாக்கல் செய்யும் நாள்வரை உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும்.